கான்செப்ட் காரின் கதவு ஏன் ஷோரூம் வரை வந்து சேர்வதில்லை?

ஈசிஆர் காற்று:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. ஜாகுவார் டைப் 00 என்கிற கான்செப்ட் காரின், அதாவது விற்பதற்கில்லாமல் காட்டுவதற்காகவே செய்த மாதிரி வண்டியின், படங்களை நேற்று மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 டிசம்பரில் மயாமியில் ஒரு பிங்க், ஒரு நீலம் என்று இரண்டு காட்டினார்களே, அதுதான். அதற்கு முன்னால் காரே இல்லாத ஒரு விளம்பரத்தை விட்டு ஊரெல்லாம் திட்டு வாங்கியது தனிக்கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். டாடா கையில் இருக்கிற கம்பெனி என்பதால் நமக்குக் கொஞ்சம் உரிமை கூடுதல், நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த நீண்ட பானெட் எனக்குப் பிடித்திருக்கிறது. பின்கண்ணாடியே இல்லாதது பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் மொட்டைமாடியில் மாட்டிய ஏசி யூனிட் ஞாபகம்தான் வருகிறது.

என் கேள்வி கதவைப் பற்றி. அந்த வண்டிக்கு இரண்டே கதவு, அதுவும் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி மேலே விரிகிறது. ஆனால் விற்பனைக்கு வரப்போவது நான்கு கதவு வண்டி என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் நாம் வாயைப் பிளந்து பார்த்த கதவு எதற்கு?

இவர்கள் மட்டும் இல்லை. 2016-ல் லிங்கன் நேவிகேட்டர் கான்செப்ட் நியூயார்க்கில் வந்தது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கிக்கொள்ளும், உள்ளிருந்து படிக்கட்டு இறங்கும், கோயில் வாகனத்தில் ஏறுகிற மாதிரி ஏறலாம். அடுத்த வருடம் அசல் வண்டி வந்தபோது சாதாரண நாலு கதவு. அதே 2016-ல் மெர்சிடிஸ் மேபாக் 6 வந்தது, ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், இருப்பதே இரண்டு கதவு, அதுவும் கல்விங், அதாவது கூரையில் கீல் வைத்து இறக்கை மாதிரி மேலே விரிகிற கதவு. அதையும் யாரும் வாங்க முடியவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் 103இஎக்ஸ் இன்னும் ஒரு படி மேல், கதவோடு சேர்ந்து கூரையும் திறந்து, நின்றபடியே இறங்கலாம், தரையில் சிவப்புக் கம்பளம் மாதிரி வெளிச்சம் வேறு விழும். (அந்த வண்டியின் சக்கரங்களை மூடியிருக்கிற விதம், கால் தெரியாமல் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற பெரியவர் மாதிரி இருக்கும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.)

இதெல்லாம் வெறும் படம் காட்டுவதுதானா, இல்லை உண்மையிலேயே ஏதாவது பயன் இருக்கிறதா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

தம்பி, நான் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். கான்செப்ட் கார் எதையும் தொட்டதில்லை, ஆனால் கதவு என்றால் என்ன என்று தெரியும். காரிலேயே அதிகம் ஆடுகிற, அதிகம் அடிவாங்குகிற சாமான் அது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடினால் வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது. ஷோவில் நிற்கிற வண்டிக்கு அந்தக் கணக்கே கிடையாது, மேடையில் ஐந்தாறு தடவை திறந்தால் போதும்.

இப்போது என் பட்டறையில் ஐம்பதுகளின் ஃபியட் 1100 ஒன்று நிற்கிறது. அதன் முன்கதவு திருப்பிப் போட்ட கதவு, கைப்பிடி முன்னால், கீல் பின்னால். பின்கதவு வழக்கமான கதவுதான். ஆக, நாலு கதவின் கீலும் நடுத்தூணில்தான் வந்து உட்கார்கின்றன. எழுபது வருஷத்தில் கீல் பின் தேய்ந்து ஆட்டம் விழுந்துவிட்டது. கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கினால் ஒரு விரல் அளவுக்கு மேலே போகிறது. கீழே மரக்கட்டையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கோட்டுக்குக் கோடு சேர்ந்ததா என்று பார்ப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். இத்தனைக்கும் அது சின்னக் கதவு, கண்ணாடியோடு சேர்த்து ஒரே ஆள் தூக்கிவிடலாம்.

அந்தக் கதவுக்கு ஒரு சுகமும் உண்டு. வண்டி உரிமையாளரின் பாட்டி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். வண்டியைப் பார்த்ததும் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்து அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார், நாற்காலியில் உட்கார்கிற மாதிரி. இன்றைய காரில் ஏறும்போது கதவின் ஓரத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டியை மடக்கி நுழைக்க வேண்டியிருக்கிறதே, அது அங்கே இல்லை.

பிறகு ஏன் விட்டார்கள்? ஓடும்போது பூட்டு விட்டுப்போனால் சாதாரணக் கதவைக் காற்றே அழுத்திப் பிடிக்கும். திருப்பிப் போட்ட கதவை அதே காற்று பிடுங்கி விரித்துவிடும். அந்தக் காலத்தில் பெல்ட்டும் கிடையாது, ஆள் வெளியே. தற்கொலைக் கதவு என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

மேலே தூக்குகிற கதவைப் பற்றி ஒரே விஷயம் சொல்கிறேன். மழையில் அதைத் திறந்து பாருங்கள். கூரையில் நிற்கிற தண்ணீர் எங்கே போகும்? சீட்டில்தான். அதைத் தடுக்கத் தனியாக வாய்க்கால், தனியாக பீடிங், அதாவது ஓரத்து ரப்பர் பட்டை. பீடிங் நாலு வருஷத்தில் இறுகிப்போகும். டிக்கிக்குப் போடுகிற கேஸ் ஷாக் எத்தனை நாள் தாங்குகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும், அதே ஷாக்தான் உங்கள் தலைக்கு மேலே கதவைத் தாங்கி நிற்க வேண்டும்.

ஸ்டுட்காட் குளிர்:

அண்ணர் சொன்ன பாட்டி கதை நல்லாயிருக்கு. நான் இருப்பது மெர்சிடிஸ் ஊரில், இங்கே அவர்களுடைய மியூசியத்துக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப்போய் எனக்கு வழி மனப்பாடம். இறக்கை மாதிரி மேலே திறக்கும் கதவுள்ள 300 எஸ்எல் முன்னால் நிற்காமல் யாரும் தாண்டுவதில்லை, சரியான வடிவு. ஆனால் அந்தக் கதவை யாரும் வடிவுக்காக வைக்கவில்லை.

1952-ல் அது பந்தய வண்டி. எடை குறையவேண்டும் என்பதற்காக மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டி ஒரு கூடு செய்தார்கள். அந்தக் கூடு வலுவாக நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் குழாய்கள் இடுப்பு உயரத்துக்கு வரவேண்டும். கதவு வைக்க வேண்டிய இடத்திலேயே குழாய். வேறு வழியில்லாமல் கதவின் கீலைக் கூரையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1954-ல் ரோட்டுக்கு வந்த வண்டியிலும் அதே உயரமான படி. அதைத் தாண்டிக் காலை உள்ளே போடுவதற்காக ஸ்டியரிங்கை மடக்கிச் சாய்க்கிற ஏற்பாடு வேறு வைத்திருந்தார்கள். கதவுக் கண்ணாடி இறங்காது, கழற்றித்தான் வைக்கவேண்டும், வெயில் காலத்தில் உள்ளே சரியான சூடு.

இப்போது கவனியுங்கள். 1957-ல் அதே வண்டியைக் கூரை திறக்கிற ரோட்ஸ்டராக மாற்றினார்கள். கூரையே இல்லாதபோது கீலை எங்கே மாட்டுவது? பக்கவாட்டுக் குழாய்களைத் தாழ்த்தி, கூட்டை மாற்றி, சாதாரணக் கதவு வைத்துவிட்டார்கள். தேவை போனதும் கதவும் போய்விட்டது. இறக்கையை ரசித்தவர்கள் நாம்தான்.

லம்போகினி கவுன்டாஷும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான். கத்தரிக்கோல் மாதிரி முன்னால் சுழன்று எழும்பும் கதவை டிசைனர் மார்செல்லோ காந்தினி முதலில் 1968-ல் ஆல்ஃபா ரோமியோ கராபோ என்கிற கான்செப்டில் காட்டினார். அதை 1971 கவுன்டாஷ் கான்செப்டுக்குக் கொண்டுவந்து, 1974-ல் விற்ற வண்டியிலும் விட்டுவைத்தார்கள். வண்டி அகலம், பின்னால் ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கதவை மேலே தூக்கிவிட்டு, படியில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து ஓட்டவேண்டும். எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவனும் ரிவர்ஸில் நம் ஊர் வான் டிரைவர் மாதிரித்தான்.

ஆகவே ஈசிஆர், உங்கள் கேள்விக்கு என் பதில்: பிரச்சினையிலிருந்து பிறந்த கதவு ரோட்டுக்கு வந்துவிடும். படத்துக்காகப் பிறந்த கதவு படத்தோடு போய்விடும். டைப் 00 எனக்கு இரண்டாவது வகை. பானெட்டை மட்டும் நானும் பாராட்டுகிறேன்.

களிமண் விரல்:

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் இருப்பது கார் டிசைன் ஸ்டூடியோவில், களிமண்ணில் முழு அளவு கார் செய்கிற வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்டுட்காட் அண்ணா சொல்கிற கணக்குப்படி பார்த்தால் பிஎம்டபிள்யூ ஐ8 எப்படி வந்தது? 2009-ல் கான்செப்டாகக் காட்டியபோது அந்தக் கதவு வரவே வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2014-ல் இறக்கைக் கதவோடே விற்றார்கள். டெஸ்லா மாடல் எக்ஸ் 2012-ல் காட்டிய ஃபால்கன் கதவு (மேலே மடிந்து எழும் பின்கதவு) 2015-ல் வண்டியோடு வந்தது. சைடு மிர்ரருக்குப் பதிலாகக் காட்டிய கேமராதான் வரவில்லை, கதவு வந்துவிட்டது. எந்தக் கதவு பிழைக்கும் என்பது தேவையை மட்டும் பொறுத்ததில்லை. அதற்காகக் கம்பெனி எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதும் இருக்கிறது.

கதவு எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், பலருக்குத் தெரிந்திருக்காது. சூடு பண்ணி இளக்கிய களிமண்ணை அப்பி, சீவி, வண்டியின் உடம்பு வந்த பிறகு, ஒரு மெல்லிய கறுப்பு டேப்பை எடுத்து மேலே ஒட்டுவோம். அதுதான் கதவின் கோடு. ஒட்டுவது, தள்ளி நின்று பார்ப்பது, பிய்ப்பது, அரை அங்குலம் பின்னால் ஒட்டுவது. ஒரு மதியம் முழுக்க இதே வேலையாகப் போன நாள் உண்டு. கோடு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் நின்றிருக்கும்போதே வண்டி ஓடுகிற மாதிரி தெரியும், நேராக நின்றால் பீரோ.

அப்புறம் கீல்காரர்கள் வருவார்கள். இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறக்காது, பிதுங்கும். நாங்கள் பக்கவாட்டை வளைத்து வைத்திருப்போம், அவர்களுக்கு நேர்க்கோடு வேண்டும். அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர்கள். கண்ணாடி கீழே இறங்கிக் கதவுக்குள் போய் ஒளிய வேண்டும் என்றால் அதன் வளைவும் கதவின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். கான்செப்ட் கார் கண்ணாடி பெரும்பாலும் இறங்கவே இறங்காது, அதனால்தான் அது அவ்வளவு அழகு. டோல்கேட்டில் காசு கொடுக்க வழியில்லாத அழகு!

நடுத்தூண் விஷயம் பட்டறைக்கார அண்ணாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 2021-ல் ஆடி கிராண்ட்ஸ்பியர் மாதிரி முன்கதவு முன்னாலும் பின்கதவு பின்னாலும் திறந்து நடுவில் தூணே இல்லாமல் காட்டும்போது, உள்ளே இருக்கிற மொத்தக் கூடமும் ஒரே பார்வையில் தெரிகிறது. மோட்டார் ஷோவில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்கு உள்ளே தெரிய வேண்டுமே, பாதிக் காரணம் அதுதான், மறைக்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்து இடித்தால் தாங்குவது அந்தத் தூண். சீட் பெல்ட்டின் மேல்முனை மாட்டுவதும் அதில். தூணை எடுத்தால் பெல்ட்டை சீட்டிலேயே வைக்க வேண்டும், அப்போது சீட்டின் எடை ஏறும், கூரையையும் தரையையும் பலப்படுத்த வேண்டும், மறுபடி எடை. ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டமும் கோஸ்டும் அதே மாதிரி எதிரெதிராகத் திறக்கின்றன, ஆனால் நடுத்தூண் அங்கேயே நிற்கிறது. கவனித்துப் பாருங்கள்.

சரி, என் ரசனையையும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் வந்த பென்ட்லி இஎக்ஸ்பி 15-க்கு மூன்று கதவு. ஓட்டுநர் பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. 1930-ன் பழைய ஸ்பீடு சிக்ஸ் கூபே ஒன்றை மனதில் வைத்துச் செய்தது. கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் எந்தப் பக்கம் ஏறுவார்கள் என்று யோசித்து வைத்த கதவு. டைப் 00-ஐ விட எனக்கு அதுதான் பிடித்தது.

டிரைவர் சீட்:

நான் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருக்கிறேன், வீட்டில் கோஸ்ட் நிற்கிறது. களிமண் விரல் மேடம் எழுதியது சரி, தூண் இருக்கிறது. நான் ஓட்டுகிற ஆளாகவும் கதவு திறந்துவிடுகிற ஆளாகவும் கொஞ்சம் சொல்கிறேன்.

பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றால், இறங்குகிறவர் முன்னால் பார்த்தபடி நேராக எழுந்து வெளியே வருவார். பட்டுப்புடவையும் மாலையுமாகக் கல்யாணப் பெண்ணை ஒரு தடவை இறக்கிவிட்டேன், புடவை எங்கும் மாட்டவில்லை, மாலையில் ஒரு பூ உதிரவில்லை. வேறு வண்டியில் அதே பெண் இறங்கியிருந்தால் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்துதான் வரவேண்டும். மூடுவதற்குப் பட்டன் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தே அழுத்தலாம். குடை வைக்கக் கதவுக்குள்ளேயே ஓர் இடம். குடை நனைந்திருந்தாலும் கவலையில்லை.

கஷ்டம் என்னவென்றால் குறுகிய தெருவில் முன்கதவும் பின்கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் நடுவில் நிற்கிற ஆள் பெட்டிக்குள் மாட்டின மாதிரிதான். ஒரு மண்டப வாசலில் நான் முன்கதவைத் திறந்து இறங்க, பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் அதே நேரம் கதவைத் தள்ள, நடுவில் வெற்றிலைத் தட்டோடு ஒரு பெரியம்மா. தட்டு போச்சு, பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் இறங்கி, என் கதவை மூடிவிட்டுத்தான் பின்கதவைத் தொடுவேன்.

மேலே திறக்கிற கதவு நமக்கு வேண்டவே வேண்டாம். 2019 பென்ட்லி கான்செப்ட் ஒன்று, இஎக்ஸ்பி 100 ஜிடி, அதன் கதவு திறந்தால் தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் போகுமாம். நான் நிறுத்துகிற பேஸ்மென்ட் பார்க்கிங்கில் குழாயும் பீமும் தலையை இடிக்கிற மாதிரி தொங்குகின்றன. முதலாளி உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஈசிஆர் காற்று:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. டிரைவர் அண்ணன் சொன்ன கதவு பற்றி எங்கோ படித்தது ஞாபகம் வருகிறது. 1961 லிங்கன் கான்டினென்டலின் பின்கதவு அப்படித் திருப்பி வைக்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணம், மாதிரி வண்டியின் பின்சீட்டைப் பார்க்க ஏறி இறங்கிய இன்ஜினியர்கள் காலால் கதவை உதைத்துக்கொண்டே இருந்தார்களாம். அதை நினைவுபடுத்தி 2019-ல் 80 வண்டிகள் மட்டும் 6 அங்குலம் நீட்டி, திருப்பிப்போட்ட கதவோடு விற்றார்கள்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. எங்கள் ஹேட்ச்பேக்கில் ஏறும்போது மேல் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே போட்டுவிட்டு, மறுகாலைக் கையால் தூக்கி வைப்பார். நேற்று அவரிடம் 103இஎக்ஸ் வீடியோவைக் காட்டினேன். கூரை திறப்பதை, வெளிச்சம் விழுவதை எல்லாம் பார்த்துவிட்டு, "சீட்டு என்ன உயரம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

களிமண் விரல், ஒரு கேள்வி. ஆறு மீட்டர் வண்டிக்கு இரண்டே கதவு வைத்தால் கதவே கட்டில் நீளம் வருமே, அதை எப்படித் தாங்குகிறார்கள்?

களிமண் விரல்:

ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெக்டரின் கதவு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பின்னால் கீல், மோட்டார் வைத்து மூடுகிறது. ஓட்டுநர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் அவர் பக்கத்துக் கதவு தானே வந்து சாத்திக்கொள்ளும். கையை நீட்டி எட்ட முடியாது என்பதால்தான் அந்த ஏற்பாடு. தாங்குவது கீல் மட்டும் இல்லை, கீல் உட்காருகிற இடம் மொத்தமும் தடிமனாக இருக்க வேண்டும்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. கதவு எந்தப் பக்கம் திறந்தாலும், சீட் முட்டி உயரத்துக்குக் கீழே போனால் எழுந்திருப்பது கஷ்டம். எங்கள் ஸ்டூடியோவில் அதற்கென்றே மரத்தில் செய்த உட்காரும் மாதிரி ஒன்று இருக்கிறது, வயதானவர்களைக் கூப்பிட்டு ஏறி இறங்கச் சொல்வோம். மேடைக்குப் போகிற வண்டிக்கு அதைச் செய்வதில்லை.

ஸ்டுட்காட் குளிர்:

மேலே திறக்கிற கதவுக்கு எதிராக இன்னொன்று. வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் கல்விங் கதவு திறக்காது, தரை தடுக்கும். மெர்சிடிஸ் எஸ்எல்எஸ்ஸில் அதற்காகக் கீலில் சின்ன வெடி வைத்திருந்தார்கள், கவிழ்ந்தால் கதவு கழன்று விழும். அதே வண்டியில் கதவை மூட மோட்டார் கிடையாது, எடை ஏறும் என்று. உட்கார்ந்தபிறகு கையை மேலே நீட்டி இழுக்கவேண்டும், குள்ளமான ஆள் என்றால் உட்காரும்போதே பிடித்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். நான் 5 அடி 4, ஒரு நண்பரின் நண்பர் வண்டியில் முயற்சி செய்து மானம் போனது.

பட்டறைக்காரர் அண்ணர், அந்த ஃபியட்டுக்கு பீடிங் எங்கே கிடைக்கிறது? இங்கே ஒரு பழைய ஃபியட்காரர் தேடிக்கொண்டிருக்கிறார்.

பட்டறைக்காரன்:

அசல் கிடைக்காது. ரப்பர் கடையில் பழைய துண்டை வெட்டிக் காட்டினால் கிட்டத்தட்ட அதே வாகில் மீட்டர் கணக்கில் கொடுப்பார்கள், மூலையை மட்டும் நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த மூலையில்தான் தண்ணீர் ஒழுகும், அவரிடம் சொல்லுங்கள்.

ஈசிஆர் தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஃபியட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். சீட் நாற்காலி உயரம்தான். கதவை மட்டும் இழுத்து அடைக்க வேண்டாம், புதுப் பின் கடைசல்காரரிடமிருந்து இன்னும் வரவில்லை, நானே பிடித்து மூடுகிறேன்.